தட்டில் சாகும் புற்றுநோயும் உடம்பில் சாகும் புற்றுநோயும்

ஆசிரியருக்கு வணக்கம்.

மஞ்சள் புற்றுநோய்ச் செல்களைக் கொல்லும் என்று ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். குழந்தைகள் புற்றுநோய் வார்டில் பல வருடம் செவிலியராக இருந்தவள் என்பதால் இதை எழுதுகிறேன்.

கட்டுரையில் இருப்பது பொய் இல்லை. பழுதான செல் தானாகவே மடிந்துபோக நம் உடம்பில் ஓர் ஏற்பாடு உண்டு. 1972-இல் அதற்கு அப்போப்டோசிஸ் என்று பெயர் வைத்தார்கள். அதற்குத் தப்பித்துத்தான் புற்றுநோய்ச் செல் பெருகுகிறது. மஞ்சளில் உள்ள குர்குமின், ஆய்வகத் தட்டில் வளர்க்கும் செல்களில் அந்த ஏற்பாட்டை மறுபடி முடுக்கிவிடுகிறது. சரி. ஆனால் நாம் சாப்பிடும் குர்குமினில் ரத்தத்துக்குப் போய்ச் சேர்வது மிகக் கொஞ்சம். தட்டில் ஊற்றிய அளவு கட்டிக்குக் கிடைப்பதில்லை. கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

செடியில் மருந்தே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். நம் தென் மாவட்டங்களில் மானாவாரியாகப் பயிராகும் நித்தியகல்யாணியைப் பாருங்கள். சுடுகாட்டு மல்லி என்று சிலர் வீட்டில் வைக்கவே யோசிப்பார்கள். ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்குக் குடிக்கிறார்கள் என்று வந்த அதன் இலையை, 1950-களில் கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சோதித்தார்கள். எலிகளுக்குச் சர்க்கரை இறங்கவில்லை, வெள்ளை அணுக்கள் இறங்கின. அப்படித்தான் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து கிடைத்தது. அப்புறம் அதே செடியிலிருந்து வின்கிரிஸ்டின் என்ற இன்னொரு மருந்து வந்து, 1963-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இழுக்கும் நுண்குழல்களை அது உருவாகவிடாது. பாதியில் நின்றுபோன செல் மடிந்துவிடும். ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு இன்றும் மற்ற மருந்துகளோடு இதையும் தருகிறார்கள்.

எப்படித் தருகிறோம் தெரியுமா? ஒரு வேளைக்குப் பெரும்பாலும் 2 மில்லிகிராமைத் தாண்டவிடமாட்டோம். ஏற்றுவதற்கு முன் ஊசியில் ரத்தம் திரும்பி வருகிறதா என்று இழுத்துப் பார்ப்போம், வெளியே கசிந்தால் சதை வெந்துவிடும். தண்டுவட நீரில் தவறிப் போட்டால் உயிரே போய்விடும். அடுத்த முறை வரும் பிள்ளையிடம், "சட்டைப் பொத்தானைப் போடு கண்ணு, பார்க்கலாம்" என்பேன். விரல் தடுமாறினாலோ, நடக்கும்போது பாதம் தொங்கினாலோ உடனே டாக்டரிடம் சொல்வேன். மருந்து நரம்பைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். இதே செடியின் இலையை அரைத்துக் குடிப்பவருக்கு எந்த மருந்து எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்குத் தெரியும்?

எங்கள் தெருவில் மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்த ஓர் அக்கா, இப்படி ஒரு செய்தியைக் கத்தரித்து வைத்துக்கொண்டு, கீமோ வேண்டாம், முள்சீத்தா இலைக் கஷாயம் போதும் என்று இருக்கிறார். அவரிடம் பேசிப் பேசி ஓய்ந்துவிட்டேன். கீமோவையும் விடாமல் கஷாயத்தையும் சேர்த்துக் குடித்தாலும் ஆபத்து உண்டு. கிரீன் டீயில் உள்ள ஈ.ஜி.சி.ஜி. என்ற பொருளும் தட்டில் புற்றுநோய்ச் செல்களைச் சாகடிப்பதுதான். ஆனால் எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்க்குத் தரும் போர்டிசோமிப் மருந்தை அது பிடித்துக்கொண்டு வேலை செய்யவிடாமல் தடுக்கிறது என்று 2009-இல் ஆய்வக, எலிச் சோதனைகளில் கண்டார்கள்.

அதனால் இனி இப்படிக் கட்டுரை போடும்போது, சோதனை நடந்தது தட்டிலா, எலியிலா, மனிதரிலா என்பதை முதல் பத்தியிலேயே எழுதுங்கள். என்ன கஷாயம் குடித்தாலும் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லச் சொல்லி, அதே பக்கத்தில் ஒரு கட்டம் கட்டிப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர்,
விருதுநகர்.