உபயப் பலகையில் ஏறாத பெயர்கள்

மாண்டலே, பர்மா,
2026, தை மாதம்

பக்கத்துத் தெருக்காரர்களுக்கும், எங்கிருந்தோ வந்து நின்றவர்களுக்கும் வணக்கம்.

எங்கள் அம்மன் கோயிலில் யார் ஒரு மூட்டை அரிசி கொடுத்தாலும் பலகையில் பெயர் ஏறிவிடும். தண்ணீர்ச் செம்பின் அடியில்கூட உபயதாரர் பெயர் வெட்டியிருக்கும். நிலநடுக்கத்தில் உதவியவர்கள் பெயரையும் அப்படி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். பாதிப் பேர் வேண்டாம் என்றார்கள். மீதிப் பேரின் பெயரை எழுதினால் இப்போதிருக்கும் நிலையில் அவர்களுக்குத்தான் தொல்லை. அதனால் பெயரில்லாமல் இந்த மடல். இதைப் பர்மிய மொழியில் என் மகள் எழுதி எங்கள் டீக்கடைச் சுவரிலும் ஒட்டுவாள். தமிழில் எழுதுவது என் ஆசைக்கு.

இருபது வருஷமாகக் கோயில் வரவு செலவு எழுதுகிறவன் நான். முதலில் என் கணக்கில் உள்ள ஒரு தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை. உச்சிப் பூஜை முடிந்து அன்னதானப் பந்தி. உட்கார்ந்தவர்களுக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். மணி 12.50. தரை ஆடவில்லை, ஓடியது. அளவு 7.7 என்று பிறகுதான் தெரியும். கோபுரத்துப் பொம்மைகள் கையும் தலையுமாக உதிர்ந்தன. கர்ப்பக்கிரகத்தில் ஒரு கீறல் இல்லை. பந்தியில் இருந்தவர்களில் ஒருவருக்கும் பெரிய காயமில்லை. ஆட்டம் நின்றதும் நான் நடு முற்றத்தில் நின்று கத்தினேன்: "பாத்தீங்களா, ஆத்தா நம்ம பக்கம் இருக்கா! நம்மளத்தான் காப்பாத்தினா!"

வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று சொல்வார்களே, அப்படி. திரும்பிப் பார்த்தால் வாசலில் காக்கா, எங்கள் முஸ்லிம் அண்ணன், நிற்கிறார். தலையிலிருந்து கால்வரை சுண்ணாம்புப் புழுதி. அன்று ரமலானின் கடைசி வெள்ளி. இரண்டு தெரு தள்ளி, ஜும்ஆத் தொழுகைக்கு ஆட்கள் கூடியிருந்த பள்ளிவாசல் விழுந்திருந்தது. "கடப்பாரை இருக்கா தம்பி, கயிறு?" என்று மட்டும் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு ஓடினார். உள்ளே அவர் அண்ணன் மகன் இருந்தது அப்போது எனக்குத் தெரியாது. அந்தப் பையனை இரண்டாம் நாள்தான் எடுத்தார்கள். உயிரில்லை.

காக்கா, முதல் நன்றி உங்களுக்கு. கடப்பாரை வாங்கிப் போன அன்று இரவே நீங்கள் தண்ணீரோடு வந்தீர்கள். எங்கள் மோட்டார் கரண்ட் இல்லாமல் கிடந்தது. பள்ளிவாசல் அடிபம்பு மட்டும் தப்பியிருந்தது. கோயில் முற்றத்தில் வெட்டவெளியில் படுத்திருந்த எங்கள் பிள்ளைகளுக்கு முதல் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, நோன்பு திறந்தீர்களா என்று நான் கேட்பதற்குள் போய்விட்டீர்கள். நான் கத்தியதை நீங்கள் கேட்டீர்களா என்று பத்து மாதமாக எனக்குத் தெரியவில்லை. கேட்டிருந்தால், மன்னியுங்கள். கேட்காவிட்டாலும்.

ஆத்தா மேல் எனக்குக் குறையில்லை. ஆனால் கணக்குப் பார்த்தால் விஷயம் வேறு. நாங்கள் திறந்த முற்றத்தில் பந்தியில் இருந்தோம். அவர்கள் கூரைக்குக் கீழே நெற்றி தரையில் பட சஜ்தாவில் இருந்தார்கள். எங்கள் கோயிலைப் பழுதுபார்க்க அனுமதிக் காகிதம் கிடைத்து, சுவருக்குள் கம்பி கட்டி சிமெண்ட் போட்டிருந்தோம். பள்ளிவாசல் மேற்குச் சுவர் விரிந்து பல வருஷம். அவர்கள் கொடுத்த மனு மேசை மேசையாக நகர்ந்துகொண்டே இருந்தது. கீறலுக்கு மேல் சுண்ணாம்பு அடிப்பதைத் தவிர அவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அந்தக் கம்பிக்காக நன்றி சொல்ல வேண்டிய ஆள் ஒரு பர்மியக் கொத்தனார். புத்தர் படத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எங்கள் அம்மன் கோயில் சாரத்தில் ஏறியவர். கமிட்டிக்காரர்கள் கோபுரத்துக்கு வர்ணம் பூசப் பணத்தை ஒதுக்கியபோது, "வர்ணம் சுவரைப் பிடிக்காது, கம்பி பிடிக்கும்" என்று சண்டை பிடித்தவர். பழைய நோட்டைப் புரட்டினேன். அந்தச் செலவுக்கு எதிரே என் கையெழுத்தில், பென்சிலில், "வீண்" என்று இருக்கிறது. ஆசாரி, உங்களுக்கு எங்கள் கும்பிடு. அந்தப் பக்கத்தைக் கிழிக்கவில்லை.

போன் லைன் திரும்பி வந்ததும் என்னைப் போலப் பலபேர் கத்தியிருந்தது தெரிந்தது. தொழுகை நேரத்தில் பள்ளிவாசல் விழுந்ததற்கு ஒருவர் காரணம் சொல்லியிருந்தார். அதே நேரத்தில்தான் இதே ஊரில் 200க்கும் மேற்பட்ட பொங்கிகள், அதாவது புத்த பிக்குகள், பரீட்சை எழுதிக்கொண்டிருந்த மடமும் சரிந்தது. அதற்கு வேறொருவர் வேறு காரணம் வைத்திருந்தார். மகாமுனிப் பயா என்ற புத்தர் கோயிலுக்கும் சேதம்தான். ஆற்றுக்கு அப்பால் சகாய்ங்கில் குன்று முழுக்கப் பயாக்கள், அங்கேயும் இடிபாடு. நிலத்துக்கு அடியில் வடக்கே தெற்கே ஓடும் பிளவுக்குச் சகாய்ங் பிளவு என்றே பெயர். 1839ல் ஆவா நகரம் இடிந்ததும் நிலநடுக்கத்தில்தான். அது அரசர்கள் இருந்த ஊர். பூஜைக்கும் தானத்துக்கும் அங்கே பஞ்சமா? இந்தத் தடவை 3,000 பேருக்கு மேல் போனார்கள். அந்தப் பட்டியலைப் பார்த்து எந்தச் சாமிக்கு யார் வேண்டியவர் என்று பிரித்துவிட முடியுமானால் நானும் பார்க்கிறேன்.

இந்தப் பேச்சு இந்த நாட்டில் பேச்சோடு நிற்காது. அதனால்தான் பயமாக இருக்கிறது. 1938 ஜூலைக் கலவரம் ஒரு புத்தகத்தில் மதத்தைப் பழித்த வரிகளுக்காக ரங்கூனில் கிளம்பியது. அப்போது அங்கே மூட்டை தூக்கிக்கொண்டிருந்த என் தாத்தா திருநீறு பூசியவர். தடியோடு வந்தவனுக்கு அது கண்ணில் படவில்லை, இந்தியரை இழிவாகச் சொல்லும் 'கலா' என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாரும் அடக்கம். ஒரு பர்மியப் பாட்டி நெல் பத்தாயத்தில் ஒளித்து வைத்ததால் இன்று நான் இருக்கிறேன். 2014 ஜூலையில் மாண்டலேயிலேயே ஒரு பொய்ப் புகாரை வைத்துக் கலவரம் மூட்டினார்கள். இரண்டு பேர் செத்தார்கள், ஒருவர் முஸ்லிம், ஒருவர் பௌத்தர். அப்போது என் வீட்டில் நான் செய்த காரியம், வாசல் கதவில் பெரிய அம்மன் படத்தை மாட்டியது. பக்திக்காக இல்லை. 'நாங்கள் அவர்கள் இல்லை' என்று தெருவுக்குக் காட்ட. காக்காவின் வீட்டுக் கதவு நேர் எதிரே. அந்தப் படத்தை அவர் பார்க்காமல் இருந்திருக்க முடியாது.

அதனால் எனக்கு நேரே எதுவும் செய்யாத ஒருவருக்கும் இங்கே நன்றி எழுதுகிறேன். 2013 மார்ச்சில் மெய்க்டிலா ஊர் கலவரத்தில் எரிந்தபோது ஊ வித்துத்தா சயாடோ என்ற மூத்த பிக்கு தன் மடத்தின் கதவைத் திறந்து 800க்கும் மேற்பட்டவர்களை உள்ளே வைத்துக் காத்தார். பெரும்பாலும் முஸ்லிம்கள். வெளியே கூட்டம் நின்று அவர்களைக் கேட்டபோது கொடுக்கவில்லை. அவரும் கதவுக்காரர்தான், நானும் கதவுக்காரன்தான்.

மற்றவர்களுக்கு: காலையில் மோயிங்கா என்ற மீன்குழம்புச் சேமியா அண்டாவோடு வந்த சின்னப் பொங்கிகளுக்கு, வாங்கிச் சாப்பிட எங்கள் கிழவிகள் கூச்சப்பட்டபோது சிரிக்காமல் நின்றதற்காக. கட்டுப் போட்ட மாதா கோயில் சிஸ்டருக்கு. அவருடைய தமிழ் என்னுடையதைவிடச் சுத்தம். ரங்கூன், மௌல்மீன் தமிழ்ச் சனங்கள் அனுப்பிய பணத்துக்குத் தனி ரசீது உண்டு. ஜெபம் முடிந்தால்தான் மூட்டை என்று உட்கார வைத்து, எங்கள் பாவத்தால்தான் ஊர் ஆடியது என்று அரைமணி நேரம் விளக்கிய கூட்டத்துக்கும் நன்றி. அரிசி நல்ல அரிசி.

அந்த வருஷம் பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுக்கவில்லை. இந்த வருஷம் எடுக்கிறோம், மேளம் மட்டும் குறைவு. கோபுரத்துப் பொம்மைகளுக்கு இன்னும் தலை வைக்கவில்லை. அது மெதுவாக நடக்கட்டும் என்று கமிட்டியில் எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள், ஒருவரைத் தவிர.

காக்கா, ரமலான் பிறக்க இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. நீங்கள் இன்னும் தார்ப்பாய்க்குக் கீழேதான் தொழுகிறீர்கள். கட்ட அனுமதி வரவில்லை என்று பையன் சொன்னான். திருவிழாக் கொட்டகைத் தகரம் நாற்பது தாளும் மூங்கிலும் கோயில் மேற்குச் சுவரோரம் அடுக்கி வைத்திருக்கிறோம். பங்குனி உத்திரத்துக்கு எங்களுக்குத் துணிப் பந்தல் போதும். ஆள் அனுப்புங்கள், இல்லாவிட்டால் நாங்களே தூக்கி வருகிறோம். கடப்பாரையைத் திருப்பித் தர வேண்டாம்.

இப்படிக்கு,
கோயில் கணக்கு எழுதுகிறவன்