டஸ்டர் சொன்ன பொய்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. வேலை அதிகம், உடம்பு சரியில்லை என்றெல்லாம் கதை விடப்போவதில்லை. பெட்டி வரைந்துகொண்டிருந்தேன், அவ்வளவுதான். சி மொழிக்கு ஒரு சின்னப் பாடக்குறிப்பு எழுதித் தருவதாக வாய் கொடுத்து மாட்டிக்கொண்டேன் என்று சொன்னேனே, அதில் எழுத்து வேலை பத்து நாளில் முடிந்தது. ஸ்டாக் படங்கள்தான் இழுத்தடிக்கின்றன, அதாவது ஃபங்ஷன்கள் ஓடும்போது அவற்றின் மாறிகள் மெமரியில் அடுக்கடுக்காக இடம் பிடிப்பதைப் பெட்டிகளாகக் காட்டும் படங்கள்.

உன் வகுப்புக்கு ரிகர்ஷன் (ஒரு ஃபங்ஷன் தன்னையே அழைப்பது) பாடம் நடத்தப் படம் வேண்டும், எதில் வரையலாம் என்று கேட்டிருந்தாய். நான் பட்டதைச் சொல்கிறேன், நீ பட வேண்டாம்.

முதலில் நானும் மவுஸ் பிடித்துத்தான் வரைந்தேன். ஆறு படம் வரை ஒன்றும் தெரியவில்லை. ஏழாவது வரையும்போது ஒரு மாறியின் பெயர் பிடிக்காமல் மாற்றினேன். பழைய படங்களைத் திறந்து திருத்தியதில் ஐந்தைத் திருத்தி ஒன்றை விட்டுவிட்டேன். பிரின்ட் எடுத்த பிறகுதான் அது கண்ணில் பட்டது. அன்றோடு, கட்டளைகளை எழுதியே அச்சுக்கோக்கும் லேடெக்கில், படம் வரைய உதவும் டிக்ஸ் பேக்கேஜுக்கு வந்துவிட்டேன். பெட்டிக்கு ஒரு ஸ்டைல், ஃபிரேமுக்கு, அதாவது ஒரு ஃபங்ஷன் காலுக்கு ஸ்டாக்கில் ஒதுங்கும் இடத்துக்கு, ஒரு மேக்ரோ. ஒரே இடத்தில் மாற்றினால் எல்லாப் படத்திலும் மாறிவிடும். டிக்ஸ் என்ற பெயரே, 'டிக்ஸ் வரைவதற்கான மென்பொருள் அல்ல' என்று பொருள்படும் ஜெர்மன் வாக்கியத்தின் சுருக்கம், தெரியுமா? விரித்தால் உள்ளே டிக்ஸ், அதை விரித்தால் மறுபடி டிக்ஸ். ரிகர்ஷன் நடத்தப்போகிறவனுக்குப் பொருத்தமான கருவிதான். நிறுத்துகிற நிபந்தனை மட்டும் இல்லை.

ஸ்டாக் மட்டும் போதும் என்றால் டிராஸ்டாக் என்று ஒரு பேக்கேஜ் உண்டு. பெட்டி பெட்டியாகச் சொல்லிக்கொண்டே போகலாம். ஃபிரேம் இங்கே தொடங்குகிறது, இங்கே முடிகிறது என்று குறித்தால் பக்கத்தில் அடைப்புக்குறியும் போட்டுத் தரும். பல மாறிகளைச் சேர்த்து வைக்கும் ஸ்ட்ரக்டில் ஒரு கேரக்டரும் (1 பைட்) ஒரு இன்டும் (4 பைட்) வைத்தால் 5 பைட் ஆகாமல் 8 பைட் ஆகிறதே, நடுவில் சும்மா விடப்படும் அந்த 3 பைட் இட்டுநிரப்பலைக் காட்ட பைட்ஃபீல்டு என்ற பேக்கேஜ் நன்றாக இருக்கிறது. ஆனால் ஸ்டாக்கிலிருந்து ஹீப்புக்கு (நிரல் ஓடும்போது நாமே கேட்டு வாங்கும் மெமரிப் பகுதிக்கு) அம்பு போக வேண்டும் என்றதும் நான் வெறும் டிக்ஸுக்கே திரும்பிவிட்டேன்.

அதில் இரண்டு இடத்தில் கால் இடறும். பெட்டிகளை ஒன்றன் கீழ் ஒன்றாக ஒட்டி வைத்தால் நடுக்கோடு மட்டும் தடித்துத் தெரியும். ஒவ்வொரு பெட்டிக்கும் அதனதன் கரை 0.4 பாயின்ட், இரண்டு கரை அடுத்தடுத்து நின்றால் 0.8. அச்சில் இது அசிங்கமாக இருக்கும். பெட்டிகளை அடுக்கித் தரும் மேட்ரிக்ஸில் வரிசை இடைவெளியைக் கோட்டின் தடிமன் அளவுக்கு மைனஸில் கொடு, இரண்டு கோடும் ஒன்றன் மேல் ஒன்று உட்கார்ந்துவிடும். இன்னொன்று, பெட்டிக்கு வைக்கும் பெயர். ஸ்ட்ரக்டின் உறுப்பு என்பதால் ஒரு பெட்டிக்கு 'பி புள்ளி எக்ஸ்' என்றே பெயர் வைத்தேன். அம்பு போடப் போனால், பி என்று ஒரு வடிவமே இல்லை என்கிறது. டிக்ஸுக்குப் புள்ளி என்றால் பெட்டியின் வடக்கு, கிழக்கு மாதிரி ஒரு முனை. ஒரு ராத்திரி முழுக்க இதில் போனது. புள்ளிக்குப் பதில் சின்னக் கோடு போட்டால் தீர்ந்தது.

சரி, கருவிக் கதை போதும். உண்மையில் என்னை உட்கார வைத்தது வேறு.

நம் இரண்டாம் வருட வகுப்பு நினைவிருக்கிறதா? ஃபங்ஷன் கால் நடத்தும்போது போர்டில் பெட்டி வரைந்து, ஃபங்ஷன் முடிந்ததும் டஸ்டரால் ஒரு இழுப்பு. சுத்தமாக அழிந்துவிடும். அதை அப்படியே நம்பினோம். அடுத்த வருடம் ப்ராஜெக்டில் நீ ஒரு ஃபங்ஷனுக்குள் இருந்த அர்ரேயின் முகவரியை வெளியே அனுப்பினாய். சில சமயம் சரியான விடை வந்தது, நடுவில் ஒரு பிரின்ட் சேர்த்ததும் குப்பை வந்தது. மூன்று நாள் தலையைப் பிய்த்துக்கொண்டோம். டஸ்டர் சொன்னபடி பார்த்தால் எப்போதுமே குப்பைதானே வர வேண்டும்? உண்மையில் யாரும் எதையும் அழிப்பதில்லை. ஸ்டாக்கின் நுனி எங்கே என்று குறிக்கும் ஸ்டாக் பாயிண்டர் நகர்கிறது, அவ்வளவுதான். பழைய மதிப்பு அங்கேயே கிடக்கும். அடுத்த ஃபங்ஷன் கால் வந்து அதன் மேல் எழுதுகிற வரைக்கும் சரியாக இருப்பது போல நடிக்கும்.

அதனால் என் படங்களில் முடிந்த ஃபிரேமை நான் எடுப்பதே இல்லை. சாம்பல் நிறத்தில், புள்ளிக்கோட்டில், உள்ளே எண்களோடு அப்படியே விட்டுவிடுகிறேன். ஸ்டாக் பாயிண்டரின் அம்பு மட்டும் இடம் மாறுகிறது. உன் பழைய தவறும் ஒரு படமாகக் குறிப்பில் ஏறிவிட்டது: மெயினில் (நிரல் தொடங்கும் ஃபங்ஷனில்) இருக்கும் பாயிண்டர், அதாவது முகவரியைச் சேமிக்கும் மாறி, அந்தச் சாம்பல் பெட்டிக்குள் அம்பை நீட்டிக்கொண்டு நிற்கிறது. உன் பெயரைப் போடவில்லை, கவலைப்படாதே.

நானும் டஸ்டர் வேலை பார்த்தவன்தான். முதல் வரைவில் ஃபேக்டோரியல் ஓடும் படத்தில் இடம் போதவில்லை என்று மெயினின் ஃபிரேமை விட்டுவிட்டேன். படித்துப் பார்த்த மாணவி ஒருத்தி, 'சார், இது முடிஞ்சதும் எங்க திரும்பிப் போகும்?' என்று கேட்டாள். பதில் அந்தப் படத்தில் இல்லை. இப்போது எல்லாப் படத்திலும் மெயின் இருக்கிறது. ஒவ்வொரு ஃபிரேமிலும் திரும்பும் முகவரிக்கு ஒரு பெட்டியும் இருக்கிறது. 64 பிட்டில் அது 8 பைட் என்பதால் நாலு பைட் இன்ட்டுக்குப் போட்டதைவிட இரண்டு மடங்கு உயரமாக வரைகிறேன். இது கொஞ்சம் கிறுக்குத்தனம்தான், ஆனால் கண் தானாகக் கணக்குப் போட்டுக்கொள்கிறது.

திசை விஷயத்தில் உன்னோடு சண்டை வரும். நீ தட்டு அடுக்குவது போல ஸ்டாக்கை மேல்நோக்கி வரைவாய். நம் கணினிகளில் அது சின்ன முகவரியை நோக்கித்தான் வளர்கிறது. பெரிய முகவரியை மேலே வைத்தால் தாளில் கீழ்நோக்கி இறங்கும். நான் அப்படித்தான் வரைகிறேன். 1957-ல் ஸ்டாக் என்ற யோசனைக்குக் காப்புரிமை கேட்ட பவரும் சாமல்சனும் ஜெர்மன்காரர்கள். ஜெர்மனில் இதற்கு நிலவறை என்றே பெயர். நிலவறைக்கு யாராவது ஏணி வைத்து மேலே ஏறுவார்களா? எப்படி வரைந்தாலும் இரண்டு ஓரத்திலும் முகவரி எண்ணைப் போட்டுவிடு. நிஜ முகவரியின் 12 ஹெக்ஸ் இலக்கமும் வேண்டாம். 1000, 1004 என்று போதும்.

அம்பு பெட்டியின் கரையில் முடியட்டும், மாறியின் பெயரில் முடிய வேண்டாம். பெயரில் முடித்தால் பாயிண்டர் பெயரைச் சேமிக்கிறது என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்புறம், படத்தின் அடியில் ஒரு வரி: வேகத்துக்காக ஆப்டிமைசேஷன் போட்டு கம்பைல் செய்தால் இதில் பாதி பெட்டிகள் மெமரிக்கே வராமல் ப்ராசசருக்குள் இருக்கும் ரெஜிஸ்டரில் தங்கிவிடலாம் என்று. மாணவர்கள் டீபக்கரில் பார்த்துவிட்டு நம்மை ஏமாற்றுக்காரன் என்று சொல்லக்கூடாது இல்லையா.

ஃபேக்டோரியலுக்கு 3 போதும். 5 எடுத்தால் படமே ஒரு பக்கத்தைத் தின்றுவிடும்.

எனக்கு இன்னும் ஒன்று தீரவில்லை. ஹீப்பில் ஒரு லிங்க்டு லிஸ்ட், அதாவது அம்புகளால் கோத்த பெட்டிகள்; நடுவில் ஒரு நோடை (ஒரு பெட்டியை) ஃப்ரீ செய்து மெமரியைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. அதையும் சாம்பல் நிறத்தில் போட்டால் முடிந்த ஃபிரேம் போலவே தெரிகிறது; இரண்டும் ஒரே விஷயம் இல்லை. குறுக்குக் கோடு நிரப்பிப் பார்த்தேன், இட்டுநிரப்பல் பைட்டோடு குழம்புகிறது. கறுப்பு வெள்ளை அச்சு என்பதால் வண்ணத்துக்கும் வழியில்லை. உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது. என் ஸ்டைல் ஃபைலைத் தனியாக அனுப்புகிறேன், இரண்டு முறை கம்பைல் செய், முதல் முறை அம்புகள் கண்ட இடத்துக்குப் போகும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்