பிள்ளைகளின் குரலை மீட்டுத் தந்தவருக்கும், ஊருக்கும்

எல்லோருக்கும் வணக்கம்.

வெள்ளத் தண்ணீர் வடிந்து, இன்றுதான் எங்கள் தொடக்கப்பள்ளியில் மறுபடியும் பாடம் தொடங்கியது. நடந்ததை நான் விவரிக்க வேண்டியதில்லை, உங்கள் வீட்டிலும் நடந்ததுதான். நன்றியை ஆறப்போடக் கூடாது என்று இதை எழுதுகிறேன்.

திருத்துறைப்பூண்டியில் செல்போன் பழுது பார்க்கும் தம்பிக்குத்தான் முதல் நன்றி. பேரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பிள்ளைகள் வகுப்பில் பயன்படுத்தும், சேறு ஏறிய டேப்லெட்டுகளைச் சாக்கில் கட்டி அவரிடம் கொண்டுபோனேன். அரிசிக்குள் புதைத்து வைக்கலாமா என்று கேட்டேன். "வேணாம் டீச்சர், தூசிதான் உள்ள போகும்" என்றார். ஒவ்வொன்றாகக் கழற்றி, சீக்கிரம் ஆவியாகிவிடும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு பிரஷ்ஷால் போர்டைத் துடைத்து, உப்பிய பேட்டரிகளை மாற்றினார். கூலி வாங்கவில்லை.

அன்று இரவு போன் செய்தார். "ரீசெட் போட்டாத்தான் சரியா ஓடும் டீச்சர். ஆனா இதுல புள்ளைங்க படிக்கிற குரல் நிறைய இருக்கு. அழிச்சிடவா, எடுத்து வைக்கவா?"

அவர் கேட்காமலே அழித்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டோம்.

எங்கள் வகுப்பே அந்தக் குரல்கள்தான். பாடப்புத்தகத்தின் கியூஆர் கோடில் வீடியோ வரும், அரசின் மணற்கேணி செயலியிலும் பாடம் இருக்கிறது. அவையும் வேண்டும்தான். ஆனால் திரையைப் பார்த்துக்கொண்டே இருக்கிற பிள்ளை தானாகக் கற்கிறது என்று நான் நம்ப மாட்டேன். எங்கள் பிள்ளைகள் ஒரு பத்தியை வாசித்துப் பதிவு செய்து, தாங்களே கேட்டு, பிழை தெரிந்தால் மறுபடி வாசிப்பார்கள். முன்பு செயல்வழிக் கற்றலில், பாடங்களைப் படிப்படியாகக் காட்டும் ஏணிப்படிப் படத்தைப் பார்த்துத் தன் பாட அட்டையைத் தானே எடுப்பார்களே, அதுபோல. நாலு பேர் முன்னால் வாயே திறக்காத மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி, சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து பதிவு செய்வாள். 'மழை'யைத் தான் 'மளை' என்று சொன்னதைக் கேட்டு, நான் சொல்லாமலே திருத்திக்கொண்டாள். அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் முதல் நிலையான அரும்பில் இருந்தவள் இப்போது அடுத்த நிலையான மொட்டுக்கு வந்துவிட்டாள்.

கோப்புகளுக்குப் பெயர் கிடையாது, தேதியும் எண்ணும்தான். தம்பி கடையைச் சாத்திய பிறகு உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் கேட்டு, பிள்ளைகள் தொடக்கத்தில் சொல்லும் பேரை வைத்துத் தனித்தனியாகப் பிரித்துப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தார். அந்த மூன்றாம் வகுப்புப் பெண்ணின் பதிவுகளைப் பற்றி, "அந்தப் பொண்ணு முதல்ல திக்கித் திக்கிப் படிச்சுது, போகப்போகக் கதை சொல்ற மாதிரி படிக்குது டீச்சர்" என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை. என் வகுப்புப் பிள்ளையின் வளர்ச்சியை இன்னொருவர் இவ்வளவு கவனமாகக் கேட்டிருக்கிறார்!

அப்புறம், சேறு அள்ளிய பள்ளி மேலாண்மைக் குழு அம்மாக்கள், டீசல் மோட்டார் கொடுத்த மிராசுதார் ஐயா, ஈரத்திலும் காலை உணவை நிறுத்தாத சமையல் அக்காக்கள், சிங்கப்பூரிலிருந்து பணம் அனுப்பிய பழைய மாணவர்கள், லைன்மேன் அண்ணன் எல்லோருக்கும் நன்றி.

இனி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பதிவுகளை வேறோர் இடத்திலும் சேமித்து வைப்பேன். ஐந்தாம் வகுப்பு முடித்துப் போகிற பிள்ளைக்கு அதன் குரல் முழுவதையும் கையில் கொடுத்துத்தான் அனுப்புவேன். முதல் முறை கொடுக்கும்போது, தம்பி, நீங்கள் வந்துதான் கொடுக்க வேண்டும்.