பிஸ்பியின் நீதிமன்றக் கதவு

அன்புள்ள கயல்,

"இந்தச் சட்டத்தைப் படித்து யாருக்கு என்ன ஆகப்போகிறது?" என்று போன வாரம் தொலைபேசியில் கேட்டு அழுதாய். எனக்குப் பதில் வரவில்லை. அன்றிரவு தூக்கமும் வரவில்லை.

சனிக்கிழமை அப்பாவும் நானும் டூசானிலிருந்து, இதே அரிசோனா மாநிலத்தில் இருக்கும் பிஸ்பிக்குப் போயிருந்தோம். செம்புச் சுரங்கத்தால் வாழ்ந்த ஊர். மலைச்சரிவெங்கும் வீடுகள், எங்கே திரும்பினாலும் படிக்கட்டு. அப்பா பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

1931இல் கட்டிய நீதிமன்றம் விடுமுறை என்பதால் பூட்டியிருந்தது. அதனால்தான் கதவை முழுதாகப் பார்த்தேன். கனத்த உலோகக் கதவில் சுரங்கத் தொழிலாளர்களைப் புடைப்பாகச் செதுக்கியிருக்கிறார்கள். கை வைத்தேன், சில்லென்றிருந்தது. அடுத்த ஆண்டே ஒரு பவுண்டு செம்பு 6 சென்டுக்கும் கீழே விழுந்தது. அந்தப் பஞ்சகாலத்தில் எத்தனை பேர் வேலையிழந்து இந்தக் கதவைக் கடந்து போனார்களோ! வெளியே 1935இல் வைத்த சிலை, கையில் சுத்தியலோடு ஒரு தொழிலாளி. கான்கிரீட்டில் செய்து செம்பு பூசியது.

இதே ஊரில் 1917 ஜூலை 12 அன்று விடியற்காலையில் ஷெரீஃப், அதாவது அந்த வட்டாரக் காவல் தலைவர், ஹாரி வீலர் சுமார் 2,000 பேரைத் திரட்டி, வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர்களைத் துப்பாக்கிமுனையில் வீடுவீடாகப் பிடித்தார். ஏறத்தாழ 1,200 பேரை மாடு ஏற்றும் ரயில் பெட்டிகளில் அடைத்து நியூ மெக்சிகோ பாலைவனத்தில் விட்டார்கள். ஜூலை வெயிலில், கயல்! 1920இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இது மத்திய அரசு தொடுக்கக்கூடிய வழக்கு அல்ல என்று கைவிரித்தது. யாரும் தண்டிக்கப்படவில்லை. துரத்தப்பட்டவர்களுக்குக் கதவில் ஒரு சிற்பம் ஈடாகுமா? நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

ஆனால் இன்னொன்றும் நடந்தது. அதே 1917இல் அமெரிக்க அதிபர் வில்சன் அனுப்பிய விசாரணைக் குழு பிஸ்பிக்கு வந்தது. அதன் சட்ட ஆலோசகர் பெலிக்ஸ் ஃபிராங்க்ஃபர்ட்டர். வியன்னாவில் பிறந்து, சிறுவயதில் ஆங்கிலம் தெரியாமல் அமெரிக்கா வந்தவர். அன்று முப்பத்தைந்து வயதுகூட நிறைந்திருக்கவில்லை. நடந்தது முற்றிலும் சட்டவிரோதம் என்று அந்தக் குழு அறிக்கை தந்தது. அந்தத் தாள் யாரையும் வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவரவில்லை. ஆனாலும் நூறு ஆண்டு கழித்து, அந்தக் கதவின் முன்னால் நின்ற எனக்கு, தவறு யார் பக்கம் என்று தெரிந்திருந்தது.

கதவைப் படம் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். ஞாயிறு காலை அழைப்பாயா? அப்பாவும் பேச வேண்டும் என்கிறார்.

அன்புடன்,
அம்மா