செம்மறிச் சங்கத்தில் தோட்டக்காரருக்கும் இடம் வேண்டும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வடக்கில் செம்மறி வளர்ப்போரையும் கம்பளிக் கைவேலையில் ஆர்வமுள்ளோரையும் ஒன்றுசேர்த்துச் சங்கம் ஒன்றை அமைக்க வேண்டும் என்று தங்கள் பத்திரிகையின் இதே பகுதியில் அண்மையில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அப்படியொரு சங்கம் அமையுமாயின் முதல் நாளிலேயே சந்தா கட்டிச் சேர்ந்துகொள்ள நான் ஆயத்தமாக இருக்கிறேன். ஆனால் கம்பளி தரும் வெளிநாட்டுக் கிடாய்களை இறக்குமதி செய்து நம்மூர்ச் செம்மறிகளோடு கலக்கலாம் என்று அவர் சொன்ன யோசனையை, கால்நடைத் துறையில் நெடுங்காலம் வேலை செய்தவன் என்ற முறையில், என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

யாழ்ப்பாணத்தை அடுத்த தீவகத்திலும் பூநகரிப் பக்கத்திலும் தரவைகள் எனப்படும் திறந்த மேய்ச்சல் வெளிகளிலும் அறுவடை முடிந்த வயல்களிலும் மேய்கின்ற செம்மறி, யாழ்ப்பாண உள்ளூர் இனம் என்று துறைசார் நூல்களில் பதிவான இனமாகும். இலங்கைக்கென்று உள்ள ஒரே சுதேச செம்மறியினம் இதுவே. தென்னிந்தியச் செம்மறிகளின் வழிவந்தது. இதன் உடம்பை மூடியிருப்பது மயிரேயன்றிக் கம்பளியன்று. செம்மறியின் தோலில் முதன்மை மயிர்ப்பைகள், துணை மயிர்ப்பைகள் என இரு வகை உண்டு. நூற்கக்கூடிய மென்மையான இழை பெரும்பாலும் துணை மயிர்ப்பைகளிலிருந்தே வளர்கிறது. மென்கம்பளிக்குப் பேர்போன மெரினோ ஆட்டில் ஒரு முதன்மைப் பைக்கு ஏறத்தாழ 20 துணைப் பைகள் இருக்கும். மயிர்ச்செம்மறிகளில் இந்த விகிதம் மிகத் தாழ்வானது. எனவே தீன் கூட்டிக் கொடுப்பதாலோ அடிக்கடி கத்தரிப்பதாலோ நம் ஆட்டிலிருந்து கம்பளி கிடைத்துவிடாது.

கலப்பினம் உண்டாக்கினால் என்ன நேரும் என்பதையும் சொல்ல வேண்டும். மயிராட்டையும் கம்பளியாட்டையும் கலந்தால் பிறக்கும் குட்டிக்கு மயிரும் கம்பளியும் கலந்த போர்வையே அமையும். அது நூற்பவருக்கும் உதவாது, சாயம் ஏற்றுபவருக்கும் உதவாது. மயிர்ச்செம்மறியின் தோல் கையுறைக்கும் உடைகளுக்குமான மெல்லிய தோலுக்காக உலகச் சந்தையில் விரும்பி வாங்கப்படுவது. கலப்பினால் அந்தத் தரமும் குன்றிவிடும். ஐப்பசி, கார்த்திகை மாரியில் நனைந்து உலராத கம்பளியில் ஈ முட்டையிட்டுப் புழு வைத்தால் அந்த ஆட்டைக் காப்பாற்றுவது இலேசான காரியமன்று. கோடையிலோ தரவையின் நெருஞ்சி முள்ளும் ஒட்டுப்புல்லும் இழைக்குள் புகுந்து எஞ்சியதையும் கெடுத்துவிடும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, கத்தரித்த கம்பளியின் எடையில் பெரும் பங்கு மெழுகும் வியர்வையும் மண்ணுமே. அவற்றைக் கழுவி நீக்கச் சுடுநீரும் சவர்க்காரமும் ஏராளமாக வேண்டும். குடிநீரையே பவுசர் என்னும் தண்ணீர் வண்டியில் எதிர்பார்த்திருக்கும் தீவகத்துக்கு இந்த யோசனையை எப்படிச் சொல்வது?

தமிழ்நாட்டில் கம்பளி இல்லையா என்று சிலர் கேட்கக்கூடும். உண்டு. நீலகிரிச் செம்மறி மென்கம்பளி தருவது. ஆயினும் அது கடல் மட்டத்திலிருந்து 2000 மீற்றருக்கு மேல் உள்ள குளிர்ந்த புல்வெளிகளில் மெரினோ முதலிய இரத்தக் கலப்போடு உருவானது. அதைப் பேணும் ஆராய்ச்சி நிலையமும் உதகமண்டலத்துக்கு அண்மையில் சாண்டிநல்லாவிலேயே இருக்கிறது. சமவெளியில் கோயம்புத்தூர்க் குறும்பையும் திருச்சி கருப்பும் முரட்டுக் கம்பளி தருகின்றன. அவற்றின் பின்னால் தலைமுறை தலைமுறையாகக் கம்பளம் நெய்துவந்த குறும்பர் சமூகத்தின் தொழிலறிவு இருக்கிறது. அதே தமிழ்நாட்டின் வேம்பூர், மேச்சேரி, கீழக்கரிசல், இராமநாதபுரம் வெள்ளை ஆகிய இனங்களோ நம்முடையதைப் போல மயிராடுகள்தாம். எமது காலநிலைக்கு நெருங்கிய சொந்தம் அவையே.

அப்படியானால் கம்பளிக் கைவேலைக்காரரும் செம்மறிக்காரரும் ஒரே சங்கத்தில் கூடுவதில் எனக்கேன் இவ்வளவு ஆர்வம் என்று வாசகர்கள் ஐயுறலாம். மகளின் குடும்பத்தோடு நோர்வேயில் தங்கியிருந்த காலத்தில், ஆடு வளர்ப்போரும் நூல் நூற்போரும் பின்னுவோரும் கூடும் ஒரு சிறு குழுவில் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். அந்நாட்டில் ஏறத்தாழ 20 இலட்சம் செம்மறிகள், குட்டிகள் உட்பட, கோடையில் மலைகளிலும் காடுகளிலும் மேயவிடப்பட்டு, செப்டெம்பர் அளவில் திரும்ப இறக்கப்படுகின்றன. ஊர்தோறும் மேய்ச்சற் சங்கங்கள் இருக்கின்றன. மலையில் ஆடுகளைப் பார்த்துவருவதும் இலையுதிர்காலத்தில் அவற்றைச் சாய்த்துக் கொண்டுவருவதும் அங்கத்தவர்களுக்கு முறைவைத்த பொதுவேலைகள். கத்தரித்த கம்பளியைத் தரம் பிரித்து, நல்ல தரத்துக்கு அரசு கிலோவுக்கு இவ்வளவு என்று மானியமும் கொடுக்கிறது. இத்தனை ஒழுங்குக்கும் மேலாக என்னைக் கவர்ந்தது ஒரு சிறு வழக்கம். நூற்பவர் ஒரு பிடிக் கம்பளியை இரு கையாலும் பிடித்து வெடுக்கென்று இழுத்துப் பார்ப்பார். இழைகள் எல்லாம் ஒரே இடத்தில் அறுந்தால், அந்த இடம் வளர்ந்த காலத்தில் ஆடு நோயுற்றோ தீன் குறைந்தோ இருந்திருக்கிறது என்று வளர்ப்பவருக்குச் சொல்வார். வளர்த்தவரே கவனிக்கத் தவறிய ஒரு குறையை நூற்பவரின் விரல்கள் கண்டுபிடித்துவிடுகின்றன. அந்தக் கூட்டங்களில் நான் கண்ட பயன், பண்டத்தைக் கையில் வாங்குபவர் அதைத் தந்தவரோடு நேரே பேசுவது என்பதுதான்.

யாழ்ப்பாணத்தில் அந்த நூற்பவரின் இடத்தில் இருக்கத்தக்கவர் தோட்டக்காரர். புகையிலைத் தோட்டங்களிலும் வெங்காயத் தோட்டங்களிலும் இரவில் ஆட்டுப்பட்டி அடைத்து நிலத்தை உரமாக்குவது இங்கே நன்றாக வேரூன்றியிருந்த முறை. பட்டியை நாளுக்கு நாள் நகர்த்தி அடைத்தால், புழுக்கையோடு சிறுநீரும் நேரே மண்ணில் இறங்கிவிடும். மறுநாளே கொத்தி மண்ணை மூடினால் சத்து காற்றோடு போவதும் குறையும். மாட்டெருவைவிட ஆட்டெருவில் நைதரசன் கூடுதல் என்பது கமக்காரர் எல்லோருக்கும் தெரிந்ததே. இடப்பெயர்வுகளில் மந்தைகள் அழிந்தபோது இந்தப் பழக்கமும் பல ஊர்களில் அறுந்துபோனது. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அதே ஆண்டு நவம்பரில் அந்தத் தடை கைவிடப்பட்ட காலத்தில், எருவைத் தேடி அலைந்த தோட்டக்காரருக்கு ஆட்டுப்பட்டி யாரிடம் இருக்கிறது என்பதே தெரியாமலிருந்தது. ஆட்டுக்காரருக்கோ எந்த ஊரில் நிலம் தரிசாகக் கிடக்கிறது என்பது தெரியவில்லை. இந்த இரு தரப்பாரையும் ஒரே பட்டியலில் எழுதிவைப்பதையே சங்கத்தின் முதல் வேலையாக நான் முன்மொழிகிறேன். வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்று ஏறியிருப்பதைக் கருதினால், எருவையும் அளவறிந்தே இட வேண்டும். சுண்ணாம்புக் கல் நிலத்தில் மிகையானது எதுவாயினும் கடைசியில் கிணற்றுக்கே போய்ச் சேரும்.

அடுத்தது ஆட்டின் நலம். மாரிக்குப் பின் குடற்புழு பெருகி ஆடு இரத்தம் வற்றிச் சாவதை, கீழ் இமையைத் தாழ்த்தி அதன் நிறத்தைப் பார்த்தே முன்கூட்டி அறியலாம். சிவந்திருந்தால் நல்லது, வெளிறியிருந்தால் மருந்து வேண்டும். எல்லா ஆட்டுக்கும் நாள் குறித்து மருந்தைப் புகட்டுவதால் புழுக்கள் மருந்துக்குப் பழகிவிடுகின்றன. பின்னங்கால் இழுத்து ஆடு விழுவதற்கு மாட்டின் வயிற்றறையில் வாழும் ஒரு புழுவின் குஞ்சுகள் காரணமாவதுண்டு. நுளம்பு அவற்றை ஆட்டுக்குக் கடத்த, அவை வழிதவறி நரம்புத் தண்டுக்குள் புகுந்துவிடுகின்றன. இந்நோயை விளக்கிய முன்னோடி ஆய்வுகளில் ஒன்று 1950களில் இலங்கையிலேயே நடந்தது என்பதை நம்மவர்கள் அறிந்திருப்பது நல்லது. நுளம்பு கூடிய காலத்தில் மாட்டுக்கொட்டிலையும் ஆட்டுக்கொட்டிலையும் ஒட்டி வைக்காதிருப்பதும், மாலையில் புகை போடுவதும் செலவற்ற காப்புகள். மாட்டுக்கென்று விற்கும் தாதுக் கலவையைச் செம்மறிக்கு வைப்பவர்களை நான் பல இடங்களில் கண்டிருக்கிறேன். செம்மறி செம்பைத் தாங்காத பிராணி, அந்தக் கலவையில் உள்ள செம்பே அதன் ஈரலில் சேர்ந்து கொன்றுவிடும். செம்மறிக்குரிய கலவையைச் சங்கம் மொத்தமாக வாங்கிப் பகிர்ந்தால் விலையும் குறையும், உயிரும் மிஞ்சும். கட்டாக்காலி நாய்களின் தொல்லையைப் பற்றி ஆட்டுக்காரர் எவரிடமும் கேட்டால் போதும், நான் எழுதத் தேவையில்லை. நோர்வேயின் மேய்ச்சற் சங்கங்களைப் போல முறைவைத்துக் காவல் இருப்பது அதற்கும் உதவும்.

கைவேலைக்காரரை வெளியே நிறுத்த நான் எழுதவில்லை. 1824 இல் தொடங்கிய உடுவில் மகளிர் பாடசாலை முதலாகப் பெண்கள் பாடசாலைகளின் வழியே தையற்கலை வேரூன்றிய ஊர் இது. குரோசே ஊசியில் நம் பெண்களுக்கு உள்ள கைத்திறனை எங்கும் மெச்சுவார்கள். ஆனால் நம் கடைகளில் வூல் என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி அக்ரிலிக் என்னும் செயற்கை இழையே. ஒரு துண்டை எரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்: உண்மைக் கம்பளி மயிர் கருகும் மணத்தோடு எரிந்து, நெருப்பை விலக்கியதும் அணைந்து, விரலில் பொடியாகும், செயற்கை இழை உருகி இறுகிய மணியாகும். சங்கத்தின் பெயரில் விற்கப்படும் பொருள்களில் எது எந்த இழை என்பதை நேர்மையாக எழுதி ஒட்டுவதும், புலம்பெயர்ந்தோர் அனுப்பும் உண்மைக் கம்பளி நூலில் சிறு அளவில் பின்னி அவர்களுக்கே விற்பதும், நம் ஆட்டின் தோலைப் பதப்படுத்திப் பை, பணப்பை செய்யப் பழகுவதும் கைவேலைப் பிரிவுக்குப் போதிய வேலையாக இருக்கும்.

கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடத்தின் விலங்கு விஞ்ஞானத் துறையினரையும் மாகாணக் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தினரையும் தொடக்கத்திலேயே அழைக்க வேண்டும். நல்ல கிடாய்களுக்குக் காதில் இலக்கமிட்டு, எந்த மந்தையில் எது பிறந்தது என்று பதிந்து, உறவுக்குள் இனஞ்சேர்வதைத் தவிர்க்க மந்தைக்கு மந்தை கிடாய் மாற்றிக்கொள்ளும் ஒழுங்கை அவர்களின் வழிகாட்டலிலேயே செய்ய முடியும்.

ஒரு வேண்டுகோள். முதற் கூட்டத்தைப் பட்டணத்து மண்டபத்தில் காலை 9 மணிக்கு வைக்காதீர்கள். அந்த நேரத்தில் ஆட்டுக்காரர் தரவையில் நிற்பார், வரப்போவது என்னைப் போன்ற இளைப்பாறியவர்கள் மட்டுமே. மாசி மாதத்தில், நண்பகலில் ஆடுகள் நிழலில் படுத்திருக்கும் வேளையில், வேலணையிலோ பூநகரியிலோ ஒரு பட்டிக்குப் பக்கத்தில் கூடலாம்.

இப்படிக்கு,
இளைப்பாறிய கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியர் ஒருவர்,
கோப்பாய், யாழ்ப்பாணம்.