சட்டை உரிக்கும் நீர்க்கரடி

அன்பு மகளுக்கு,

எட்டுக்கால் நுண்விலங்கான நீர்க்கரடியின் படத்தை நீ அனுப்பியிருந்தாய், நிதானமாகப் பார்த்தேன்மா. தொண்டைக் குமிழுக்குள் பிளகாய்டு என்ற கெட்டித் துண்டு ஒன்றுகூடத் தெரியவில்லை, அதனால் மில்னீசியம் பேரினம் என்று எழுதியிருக்கிறாய். பிளகாய்டு மட்டுமா இல்லை? வாய்க்குழாயும் இல்லை, அதன் இருபக்கமும் நிற்க வேண்டிய ஊசிகளும் இல்லை. அது சட்டை உரிக்கப்போகிற நீர்க்கரடி. உரிப்பதற்கு முன் வாயுறுப்பின் கெட்டியான பாகம் அத்தனையையும் துப்பிவிடும். இதற்கு சிம்ப்ளெக்ஸ் நிலை என்று பெயர். புதிய உறுப்பு உருவாகும்வரை வாயை வைத்து எதையும் சொல்ல முடியாது. மில்னீசியத்துக்குக் குழாய் உண்டு, அதுவும் நல்ல அகலமாக. வாயைச் சுற்றி ஆறு சிறு முகிழ்களும் இருக்கும்.

வாய் உதவாதபோது முதலில் முதுகைப் பார். தட்டுத்தட்டாகக் கவசமும் தலையில் மயிரிழைகளும் இருந்தால் எக்கினிஸ்கஸ் பக்கம் போ. அதற்குக் காலுக்கு நான்கு தனி நகங்கள். முட்டையிலிருந்து புதிதாக வந்த குட்டிக்கு இரண்டுதான். இது தெரியாமல் குட்டியைப் புது இனம் என்று எண்ணிவிடுவது எளிது.

முதுகு வழவழப்பாக இருந்தால் நகத்துக்குப் போ. ஒரு காலின் இரண்டு இரட்டை நகங்களும் ஒரே அளவில், ஒன்றுக்கொன்று கண்ணாடியில் பார்த்ததுபோல் நின்றால் மேக்ரோபயோட்டஸ் வகையாக இருக்கலாம். வெளிநகம் பெரிதாகவும் உள்நகம் சிறிதாகவும் வேறு வடிவிலும் இருந்தால் ஹிப்சிபியஸ் வகை. மில்னீசியத்தில் நீண்ட முதற்கிளை, குட்டையான கிளையை ஒட்டாமல் தனியே நிற்கும். நகம் பக்கவாட்டில் கிடந்தால்தான் இதெல்லாம் தெரியும். நேரே உன்னைப் பார்க்கும் நகத்தை வைத்து முடிவெடுக்காதே.

வாயுறுப்பு முழுதாக உள்ள விலங்கை அளக்கும்போது உடல் நீளத்தை நம்பாதே. அது வயதோடு மாறும், சுருங்கும், நீளும். வாய்க்குழாய் கெட்டியானது, அதனால் அதையே அளவுகோலாக வை. குழாய் 40 மைக்ரான், பிளகாய்டு வரிசை 20 மைக்ரான் என்றால் விகிதம் 50 சதவீதம். ஊசித் தாங்கி குழாயில் ஒட்டும் இடத்தையும் குழாயின் முன்முனையிலிருந்து அளந்து இதேபோல் கணக்கிடு. இந்த ஒரு எண் பல குழப்பங்களைத் தீர்க்கும்.

சிலைடு போடும் முன் கண்புள்ளி உண்டா என்று உயிரோடு இருக்கும்போதே குறித்துக்கொள். விலங்கைச் சிலைடில் பதிக்கும் ஹாயர் கரைசலில் அந்த நிறமி கரைந்துபோகும். பிறகு 'கண் இல்லை' என்று தவறாக எழுதுவாய். சுமார் 60 டிகிரி வெந்நீரில் சில நிமிடம் வைத்தால் விலங்கு நீண்டு இறக்கும், கால்கள் மடங்காது. கரைசலைச் சிறு துளியாகவே விடு. துளி தடித்தால் 100 மடங்கு எண்ணெய் லென்ஸ் விலங்கை எட்டாது. காய்ந்தபின் கவர்சிலிப்பின் ஓரத்தை நகப்பூச்சால் அடை. கரைசலில் குளோரல் ஹைட்ரேட் இருக்கிறது. கையுறை போடாமல் தொடாதே கண்ணு, ஜன்னலையும் திறந்து வை.

இந்த நீர்க்கரடி கிடைத்த பாசியை மறுபடி ஊறவைத்து அலசி, முட்டையைத் தேடு. மேக்ரோபயோட்டஸ் முட்டையைத் தனியாக இடும். ஓடு முழுக்கக் கவிழ்த்த கோப்பைபோன்ற முனைகள் இருந்தால் அது மேக்ரோபயோட்டஸின் ஹூஃபெலான்டி குழு. இந்தக் குழுவில் வளர்ந்த விலங்குகள் ஒன்றுபோலவே இருப்பதால் பல இனங்களை முட்டை ஓடுதான் பிரித்துக்காட்டும். ஹிப்சிபியஸோ கழற்றிய சட்டைக்குள்ளேயே வழவழப்பான முட்டைகளை விட்டுப்போகும். உள்ளே குட்டி வளர்ந்த முட்டை கிடைத்தால் விடாதே. முட்டை ஓட்டையும் குட்டியின் நகத்தையும் ஒரே சிலைடில் பார்க்கலாம். எந்த முட்டை எந்த விலங்குடையது என்ற சந்தேகம் அதோடு தீரும்.

அதுவரை லேபிளில் இனப்பெயர் எழுத வேண்டாம். 'சிம்ப்ளெக்ஸ், பேரினம் தெரியவில்லை' என்று எழுதி, அந்தச் சிலைடைப் பத்திரமாக வை. நகம் தெரிகிற படம் கிடைத்தால் உடனே அனுப்பு.

அன்புடன்,
அம்மா