பெரிய அரெனிக்

அன்புள்ள நிலா,

அடுத்த மாதம் கூட்டாளிகளோடு வேல்ஸின் மிக உயரமான மலையான ஸ்னோடன் ஏறப்போவதாகப் போனில் சொன்னாய். தாராளமாகப் போ. ஆனால் உச்சியில் போட்டோவுக்கு வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். நீ மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்போது, ரயிலில் வந்தவர்கள் கசங்காத சட்டையோடு இறங்குவார்கள்.

போன சனிக்கிழமை நானும் அம்மாவும் பாலா என்ற ஊருக்கு மேற்கே இருக்கும் அரெனிக் வவுர் மலைக்குப் போயிருந்தோம். வவுர் என்றால் பெரியது. எதிரே சின்ன அரெனிக்கும் உண்டு. பெரியதின் உயரம் 854 மீட்டர், ஸ்னோடனைவிட 231 மீட்டர் குறைச்சல். நாள் முழுக்க நாங்கள் பார்த்தது ஒரே ஒரு ஆளையும் அவருடைய நாயையும்தான்.

மலையடி ஏரி வரை பாதை நன்றாக இருக்கிறது. அணையோரம், நடப்பவர்கள் ஒதுங்க ஒரு கல்குடிசை. முழங்கால் வலி என்று அம்மா பிளாஸ்க்கோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அதற்கு மேலே ஒரே சொதசொதப்பு. ஓரிடத்தில் என் வலது கால் முழங்கால்வரை இறங்கிவிட்டது. இழுத்தால் வெறும் சாக்ஸ்தான் வந்தது. கையை விட்டுத் துழாவி பூட்ஸை எடுத்தேன். அம்மா இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.

உச்சியில் ஒரு ஸ்லேட் பலகை, அதில் எட்டுப் பெயர்கள். 1943 ஆகஸ்ட் 4 அன்று அமெரிக்க பி-17 குண்டுவீச்சு விமானம் ஒன்று இங்கே மோதியது, ஒருவரும் பிழைக்கவில்லை. எட்டுப் பெயரையும் வாய்விட்டுப் படித்தேன். கேட்க ஆடுகள்தான் இருந்தன.

வடகிழக்கே கீழே பார்த்தால் கெலின் ஏரி மின்னுகிறது. அந்தத் தண்ணீருக்கடியில் கப்பெல் கெலின் என்று ஓர் ஊர்: பள்ளிக்கூடம், சர்ச், தபால் ஆபீஸ் எல்லாம் இருந்த ஊர். லிவர்பூலுக்குத் தண்ணீர் வேண்டும், இங்கே அணை கட்டலாம் என்று 1957இல் பிரிட்டிஷ் பார்லிமென்டில் சட்டம் போட்டார்கள். வேல்ஸ் எம்.பி.க்களில் ஒருவர்கூட ஆதரித்து ஓட்டுப் போடவில்லை. கல்லறைகள்மேல் கான்கிரீட் கொட்டி மூடினார்கள். 1965இல் ஏரி திறப்புவிழா. லிவர்பூல் மாநகராட்சி மன்னிப்புக் கேட்டது 2005இல்!

நீ லிவர்பூலில் குடியேறியபோது வாடகை, பஸ், கடைத்தெரு என்று எல்லாம் விசாரித்தேன். குழாயில் வரும் தண்ணீரைப் பற்றிக் கேட்கத் தோன்றவில்லை. இத்தனை வருஷம் வேல்ஸில் வேலை பார்த்தவனுக்கே மலையேறி இறங்கிய பிறகுதான் இதையெல்லாம் தேடிப் படிக்கத் தோன்றியது.

ஸ்னோடனை முடித்துவிட்டு ஒரு வார இறுதியில் இங்கே வா. இருவருமாகப் போகலாம். அம்மா புளியோதரை கட்டித் தருவாள். பழைய பூட்ஸாகக் கொண்டு வா. என்னுடையது இன்னும் காயவில்லை.

அன்புடன்,
அப்பா